சிறு கழலையும் பெரு வினாவும்

ஆசிரியத் தொழிலுக்குரிய கருவி எதுவென்று வினவினால் புத்தகம் என்பார் சிலர். கரும்பலகை என்பார் வேறு சிலர். தகரக் கூரைமீது மாரி மழை கொட்டிக்கொண்டிருக்க, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று ஒரு பாடவேளையை நடத்தி முடித்த எவரும் அவ்வாறு கூறமாட்டார். நாம் பிழைப்பது குரலினால். குரல் பழுதுபட்டால் தொழிலும் பழுதுபடும். ஆதலால், கழுத்திலே செய்யப்படும் சிகிச்சைகளைப் பற்றிய செய்தி எதுவாயினும் அது வைத்தியர்களுக்கு மட்டும் உரியதென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல அமைந்திருப்பது தைரொயிட் சுரப்பி. உடலின் வெப்பத்தையும் இதயத்தின் துடிப்பையும் பிள்ளைகளின் வளர்ச்சியையும் ஒழுங்குசெய்யும் தைரொக்சினைச் சுரப்பது அதுவே. அதன் பின்புறத்தை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரு நரம்புகள் மேலேறிச் சென்று குரல் நாண்களை இயக்குகின்றன. நெல்மணியளவான நான்கு சிறு சுரப்பிகள் அதே இடத்திலிருந்து குருதியின் கல்சியத்தைக் காவல் செய்கின்றன. உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய அச்சிறு பரப்பில் இத்தனையும் நெருங்கிக் கிடப்பதனாலேயே அங்கு கத்தி வைப்பது எக்காலத்திலும் கைத்திறனைச் சோதிக்கும் வேலையாக இருந்து வந்திருக்கிறது.

எம்முடன் பல ஆண்டுகள் ஒரே பாடசாலையிற் கற்பித்த சங்கீத ஆசிரியை ஒருவர் உளர். அவரை நாம் அக்கா என்றே அழைப்பது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்னர், உடலில் எக்குறையும் இல்லாதிருந்த வேளையில், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி, விளம்பரத்தில் வந்த முழு உடற் பரிசோதனை ஒன்றுக்கு அவர் சென்றார். கழுத்திலே ஒலியலைக் கருவியை வைத்துப் பார்த்ததில் 7 மில்லிமீற்றர் அளவான கழலை ஒன்று தென்பட்டது. ஊசியால் எடுத்துச் சோதித்ததிற் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அடுத்த மாதமே சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டது. சத்திரசிகிச்சை வெற்றி என்றனர். உண்மைதான், கழலை போயிற்று. ஆனால் அதனுடன் சுரப்பியும் போயிற்று, மேல் ஸ்தாயியும் போயிற்று. அதன்பின் வயலினில் வாசித்துக் காட்டியே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னார். ஓய்வுபெறும் வயதுக்கு முன்னரே ஓய்வும் பெற்றுக்கொண்டார். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு குளிசை என்பது அவருக்கு ஆயுட்கால விதியாயிற்று. ஒருநாள் அவர் எம்மிடம் கேட்டார்: “தம்பி, அதை அப்பிடியே விட்டிருந்தால் என்ன செய்திருக்கும்?”

எவர்மீதும் குற்றஞ் சுமத்தும் தொனி அக்கேள்வியில் இருக்கவில்லை. அறிந்துகொள்ளும் விருப்பம் ஒன்றே இருந்தது. அதற்கு விடை தேடப் புகுந்தபோதுதான் இச்சிறு கழலைகளுக்கென இன்று உலகில் வளர்ந்துவரும் புதியதொரு சிகிச்சை முறையைப் பற்றியும், அச்சிகிச்சையைவிடப் பெரியதொரு சமுதாய வினாவைப் பற்றியும் நாம் அறிய நேர்ந்தது.

முதலிற் சிகிச்சையைப் பார்ப்போம். கழலையைச் சுரப்பியோடு வெட்டி எடுப்பதற்குப் பதிலாக, அது இருக்கும் இடத்திலேயே வெப்பத்தாற் சுட்டு அழித்துவிடுவது இதன் சாரம். 2000ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர்கள் ஒலியலைக் கருவியின் திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியினூடாக லேசர் ஒளியைத் தைரொயிட் இழையத்துட் செலுத்தி, இது செய்யக்கூடியதே எனக் காட்டினர். தொடர்ந்து தென் கொரிய வைத்தியர்கள் ரேடியோ மீடிறன் மின்னோட்டத்தைப் பயன்படுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினர். நுண்ணலையைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. சீனாவில் அது பெருமளவிற் கையாளப்படுகிறது. புற்றல்லாத சாதாரணக் கட்டிகளைச் சுருக்குவதற்கு முதலில் வழங்கிய இம்முறை, பின்னர் 1 சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறிய பப்பிலரிப் புற்றுக்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர்களுக்கு இதன் செயன்முறை சுவை பயக்கும். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவதில்லை. கழுத்திலே விறைப்பூசி மட்டும் போடப்படுகிறது. ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பருமனான மின்வாய் ஒன்று, கழுத்தின் நடுப்பகுதியிலிருந்து சுரப்பியின் ஒடுங்கிய பாலத்தினூடாகப் பக்கவாட்டிற் செலுத்தப்படுகிறது. ஒரு செக்கனில் இலட்சக்கணக்கான தடவைகள் திசைமாறும் மின்னோட்டம் அதன் நுனியிலிருந்து பாய்கிறது. இழையத்திலுள்ள அயன்கள் அத்திசைமாற்றத்துக்கு ஈடுகொடுத்து அங்குமிங்கும் அலைய, உராய்வினால் வெப்பம் பிறக்கிறது. வெப்பநிலை 60 பாகை செல்சியசைத் தாண்டியதும், கொதிநீரில் முட்டையின் வெண்கரு உறைவதுபோலக் கலங்களின் புரதங்கள் உறைந்து கலங்கள் மடிகின்றன. வைத்தியர் மின்வாயை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதில்லை. கழலையைக் கற்பனையிற் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஆழத்திலுள்ள கூற்றிலிருந்து மேலுள்ள கூற்றுவரை நுனியை நகர்த்தி நகர்த்திச் சுட்டு முடிக்கிறார். ஓரத்தில் ஒளிந்திருக்கக்கூடிய கலங்களுக்காகக் கழலையைச் சுற்றியுள்ள நல்ல இழையத்திலும் ஒரு சிறு விளிம்பு சேர்த்தே சுடப்படுகிறது.

நரம்பைக் காக்க அவர்கள் கையாளும் உபாயம் எளியது, ஆனால் நுட்பமானது. கழலைக்கும் நரம்புக்குமிடையே 5 வீதக் குளுக்கோசுக் கரைசலைப் பாய்ச்சி ஒரு நீர் அகழியை உண்டாக்குகிறார்கள். உப்புநீர் மின்னைக் கடத்தும்; குளுக்கோசு நீர் கடத்தாது. ஆதலால் அவ்வகழி வெப்பத்தையும் தடுக்கிறது, மின்னையும் தடுக்கிறது. இதனினும் எம்மைக் கவர்ந்தது வேறொன்று. சிகிச்சை நடந்துகொண்டிருக்கையில் வைத்தியர் நோயாளியோடு பேச்சுக் கொடுக்கிறார். நோயாளியின் விடையிற் குரல் கம்மினால், நரம்பிற் சூடு பட்டுவிட்டதென்பது தெரிந்துவிடும். உடனே மின்னோட்டத்தை நிறுத்திக் குளிர்ந்த கரைசலைப் பாய்ச்சுகிறார்கள். மயக்கத்திற் கிடக்கும் உடலின்மீது செய்யப்படும் சிகிச்சைக்கும், விழித்திருக்கும் மனிதனோடு உரையாடியபடி செய்யப்படும் சிகிச்சைக்கும் உள்ள வேற்றுமை வெறும் தொழில்நுட்ப வேற்றுமையன்று.

சிகிச்சை முடிந்து பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். கழுத்தில் வடு இல்லை. சுரப்பி எஞ்சியிருப்பதாற் குளிசை பெரும்பாலும் வேண்டியதில்லை. சுடப்பட்ட இடம் மாதக்கணக்கிற் சுருங்கி, பலரில் அடையாளமின்றி மறைந்துவிடுகிறது. 2020இற் கொரிய வைத்தியர் குழு ஒன்று, 74 நோயாளரின் 84 சிறு புற்றுக்களை இவ்வாறு சுட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அவதானித்து எழுதியது. சுட்ட இடத்தில் எதிலும் புற்று மீளவில்லை. 2021இல் ஐரோப்பியத் தைரொயிட் சங்கமும், படிமங்களின் வழிகாட்டலிற் சிகிச்சை செய்யும் கதிரியல் வைத்தியர்களின் ஐரோப்பியச் சங்கமும் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டலில், சத்திரசிகிச்சையைத் தாங்க இயலாதவர்க்கும் அதனை விரும்பாதவர்க்கும் இதனை ஒரு வழியாகக் கருதலாம் என்றனர்.

குறைகளும் கூறல் வேண்டும். வெட்டி எடுத்த சுரப்பியை நுணுக்குக்காட்டியிற் பார்க்கலாம், சுட்டழித்ததைப் பார்க்கவியலாது. நிணநீர்க் கணுக்களில் மறைந்திருக்கும் நுண்ணிய பரவலை இம்முறை தொடுவதில்லை. மூச்சுக்குழாயையோ நரம்பையோ ஒட்டிக் கிடக்கும் கழலைக்கும், கணுக்களிற் பரவிய நோய்க்கும் இது ஏற்றதன்று. குரலுக்குள்ள ஆபத்துக் குறைந்ததேயன்றி முற்றாக நீங்கிவிடவில்லை. சுட்டபின்னரும் ஆண்டுதோறும் ஒலியலைச் சோதனை தொடரவேண்டும்.

இத்துணையும் படித்தபோது, இச்சிகிச்சை அக்காவின் காலத்தில் அவருக்குக் கிட்டியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்ற எண்ணம் எமக்கு எழுந்தது இயல்பே. ஆனால் அவர் கேட்டது அதுவன்று. எப்படி அகற்றியிருக்கலாம் என்று அவர் வினவவில்லை; அகற்றாது விட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்றே வினவினார். ஊசியின் புகழ் இவ்வினாவுக்கு விடையாகாது.

விடையின் முதற் பகுதி பின்லாந்திற் கிடைக்கிறது. அங்கு 1985இல் வெளிவந்த ஆய்வொன்றில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைரொயிட் சுரப்பிகளை நுண்ணிய துண்டுகளாக அரிந்து பார்த்தனர். அவர்களுள் 36 பேரிற் சிறு பப்பிலரிப் புற்று இருந்தது. அப்படியொன்று தம் கழுத்தில் உளது என்பதை அறியாமலே அவர்கள் வாழ்ந்து முடித்திருந்தனர். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் எமது நெஞ்சில் எழும் உருவத்துக்கும் இவ்வுண்மைக்கும் எத்துணை இடைவெளி!

இரண்டாம் பகுதி யப்பானிற் கிடைக்கிறது. கோபே நகரின் கூமா வைத்தியசாலையில் அகிரா மியாவுச்சி என்னும் வைத்தியரின் யோசனைப்படி, 1993 முதல், சிறு புற்று என்று உறுதியான பின்னரும் உடனே வெட்டாது ஒழுங்காகக் கண்காணிக்கும் வழி நோயாளருக்கு முன்வைக்கப்பட்டது. இரண்டாண்டுகளின் பின் தோக்கியோவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றும் இவ்வழியிற் சென்றது. கோபேயில் இவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரைப் பற்றிய ஆய்வு 2014இல் வெளியாயிற்று. பத்தாண்டுகளிற் கழலை 3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ பெருத்தது நூற்றுக்கு 8 பேரில்; கணுக்களிற் புற்றுத் தோன்றியது நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவானவர்களில். வளர்ந்தவர்களுக்கு அப்போது சத்திரசிகிச்சை செய்தனர். தாமதத்தால் அவர்கள் கெட்டுவிடவில்லை. அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. இளவயதினரில் வளர்ச்சி சற்று அதிகம்; முதியோரில் மிகக் குறைவு. அக்காவின் வினாவுக்கு உறுதியான விடையை எவராலும் கூறவியலாது. ஆனால் பெரும்பாலும் அது ஒன்றும் செய்திராது என்பதே விஞ்ஞானம் தரும் நேர்மையான விடை.

இவ்விரு விடைகளையும் மனத்திற்கொண்டு அந்த 84 கழலைகளை மீண்டும் நோக்குக. சுட்ட இடத்திற் புற்று மீளவில்லை என்பது உண்மை. ஆனால் சுடாமல் விட்டிருந்தாலும் அவற்றுட் பெரும்பாலானவை வளர்ந்திரா. எனவே அவ்வெற்றியில் ஊசியின் பங்கு எவ்வளவு, நோயின் சாதுக் குணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். தூங்கும் பூனையைக் கட்டிவைத்துவிட்டு, அது பாலைக் குடிக்காமற் காத்தோம் எனப் பெருமை கொள்வது தருக்கமாகாது.

இனித் தென் கொரியாவுக்கு வருவோம். இச்சிகிச்சையைச் செம்மைப்படுத்திய அந்நாடே இச்சிகிச்சைக்கு வேண்டிய நோயாளரையும் பெருமளவில் உண்டாக்கியது என்பது வரலாற்றின் முரண். 1999இல் அந்நாட்டு அரசு சில புற்றுநோய்களை முன்கூட்டிக் கண்டறியும் திட்டமொன்றை வகுத்தது. தைரொயிட் அத்திட்டத்தில் இல்லை. ஆனால் சோதனைக்கு வந்தவர்களிடம், 30 முதல் 50 டொலர் வரையான சிறு தொகையை மேலதிகமாகக் கொடுத்தாற் கழுத்தையும் பார்த்துவிடலாம் என வைத்தியசாலைகள் கூறின. மக்கள் கொடுத்தனர். 2011இல், ஓராண்டிற் கண்டறியப்பட்ட தைரொயிட் புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. அந்த ஓராண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல் இந்நோயாளர் ஆயினர். ஆயினும் அந்நோயால் இறப்பவர் தொகை கூடவுமில்லை, குறையவுமில்லை. நோய் பெருகியிருந்தால் இறப்புக் கூடியிருக்க வேண்டும். சோதனையால் உயிர்கள் காக்கப்பட்டிருந்தால் இறப்புக் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நிகழாததால், பெருகியது நோயன்று, நோயாளர் என்ற பெயரே என்பது தெளிவு.

பெயரோடு அது நின்றுவிடவில்லை. கண்டறியப்பட்ட அனைவருக்கும் ஏறத்தாழச் சிகிச்சை செய்யப்பட்டது. மூன்றில் இருவருக்குச் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டது. சத்திரசிகிச்சை செய்துகொண்ட 15,000க்கு மேற்பட்டோரின் காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 11 பேருக்குக் கல்சியத்தைக் காக்கும் சுரப்பிகள் செயலிழந்திருந்தன. நூற்றுக்கு இருவருக்குக் குரல் நாண் வாதமுற்றிருந்தது. 2014இல் அந்நாட்டு வைத்தியர்கள் சிலர் ஒன்றுகூடி, நோயற்றவர்களின் கழுத்தைச் சோதிப்பதை நிறுத்துங்கள் எனப் பகிரங்கமாக வேண்டினர். பத்திரிகைகள் அதனைப் பரப்பின. ஓராண்டுக்குள் தைரொயிட் சத்திரசிகிச்சைகள் நூற்றுக்கு 35 குறைந்தன. தம் தொழிலின் வருவாய்க்கு எதிராகத் தாமே குரல் கொடுத்த அவ்வைத்தியர்களை நாம் மதிக்கிறோம். உண்மையை மக்களிடம் நேரே எடுத்துச் சென்றால் மக்கள் அதனைப் புரிந்துகொள்வர் என்பதற்கும் இது சான்று.

இது கொரியாவின் தனித் துன்பம் என்று எண்ணிவிடலாகாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தைச் சேர்ந்தோர் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 12 செல்வந்த நாடுகளில் இரு தசாப்தங்களில் 470,000 பெண்களும் 90,000 ஆண்களும் வேண்டாத வகையில் இந்நோயாளராக்கப்பட்டனர். பெண்களின் தொகை ஐந்து மடங்குக்கு மேற்பட்டிருப்பதைக் கவனிக்க. எமது இலங்கையிலும் பெண்களிடையே அதிகமாகப் பதியப்படும் புற்றுநோய்களுள் தைரொயிட் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. இலவச வைத்திய சேவையை உரிமையாகப் பெற்ற நாட்டில், அரசாங்க வைத்தியசாலையின் நீண்ட வரிசை ஒருபுறமும், தனியார் நிலையத்தின் பளபளக்கும் பரிசோதனை விளம்பரம் மறுபுறமுமாக வாழும் எமக்கு, கொரியாவின் கதை அந்நியமானதன்று.

இங்கேதான் ஊசியின் இருமுகமும் வெளிப்படுகிறது. ஊசியை வழிநடத்தும் அதே ஒலியலைத் திரைதான் வேண்டாத கழலைகளையும் காட்டிக் கொடுக்கிறது. சத்திரசிகிச்சைக்கு அஞ்சி, பொறுத்திருந்து பார்ப்போம் என்றிருந்தவர்கூட, ‘சிறு ஊசிதானே, வடுவில்லையே, இன்றே வீடு போகலாமே’ என்னும் சொல்லுக்கு எளிதில் இணங்குவார். காயம் சிறுக்கச் சிறுக்கச் சந்தை பெருக்கும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மின்வாய் விற்பனையாகும் உலகில், பொறுத்திருப்பதை விற்பதற்கு வியாபாரி எவரும் இலர். இதனைக் கூறுவது வைத்தியர்களைப் பழிப்பதற்கன்று. இலாபத்தை அச்சாணியாகக் கொண்ட அமைப்பு, நல்ல கருவியையும் நல்ல கைகளையும் தன் சுழற்சிக்கு இழுத்துக்கொள்ளும் என்பதை நினைவூட்டுவதற்கே.

வைத்திய வரலாறு இப்பாடத்தை முன்னரும் கற்றிருக்கிறது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வாழ்ந்த தியோடர் கொக்கர் கண்டக்கழலைச் சத்திரசிகிச்சையை உலகுக்குச் செம்மைப்படுத்தித் தந்தவர். 1909இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கத்தி அத்துணைத் துல்லியமானது. ஆனால் அத்துல்லியத்தால் சுரப்பி முழுவதும் நீங்கப்பெற்றவர்கள் காலப்போக்கில் உடல் ஊதி, அறிவு மந்தமுற்று நலிவதை அவரே கண்டு 1883இல் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் சுரப்பியின் ஒரு பகுதியை எஞ்சவிடலானார். நன்றாக வெட்டுவது வேறு, வெட்டுவது நன்றா என்று ஆராய்வது வேறு என்பதை அம்மேதை தன் நோயாளரைத் திரும்பிச் சென்று பார்த்ததாற் கற்றார். திரும்பிப் பார்க்கும் அப்பண்பே விஞ்ஞானத்தின் உயிர்.

எனவே இப்புதிய சிகிச்சையை நாம் எதிர்க்கவில்லை; வரவேற்கிறோம். கண்காணிப்பிற் கழலை வளர்வது தெரிந்தவருக்கும், முதுமையாலோ இதய நோயாலோ கத்தியைத் தாங்காதவருக்கும், தன்னுள் ஒரு புற்று இருக்கிறதென்ற நினைவோடு உறங்கமுடியாதவருக்கும் அது பெருங்கொடை. ஆனால் அது பணமுள்ளவரின் வேண்டாத கழலைக்கு முதலிலும், பணமில்லாதவரின் வேண்டிய கழலைக்குக் கடைசியிலும் கிட்டுமாயின் அதனைக் கொடை என்று அழைப்பதற்கில்லை. பொது வைத்தியசாலைகளில், பயின்ற கைகளில், தேவையை மட்டும் அளவுகோலாகக் கொண்டு அது வழங்கப்படவேண்டும். கண்காணிப்பும் ஒரு சிகிச்சையென மதிக்கப்பட்டு, ஒருமுறை பார்த்த நோயாளியை மறுமுறை தவறாது அழைக்கும் ஒழுங்கு கிராமத்து வைத்தியசாலை வரை நிலைபெறவேண்டும்.

இக்கட்டுரையைப் படித்துவிட்டுக் கழுத்திலே தோன்றும் கட்டியை எவரும் அசட்டை செய்துவிடலாகாது. கைக்குத் தட்டுப்படும் கட்டி, விரைந்து வளரும் கட்டி, வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்குவதில் இடர் என்பன இருப்பின் தாமதியாது வைத்தியரிடம் செல்லவேண்டும். தைரொயிட் புற்றுக்களுள் கொடியவையும் உள. அவற்றுக்குச் சத்திரசிகிச்சையே உயிர்காப்பு. நாம் பேசியது அவற்றைப் பற்றியன்று; தேடிச் சென்று கண்டுபிடிக்கப்படும் சிறு கழலைகளைப் பற்றியே.

ஆசிரியர்களாகிய நாம் இதில் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. வைத்தியரின் முன்னால் வாய்பொத்தி நிற்கும் வழக்கத்தில் வளர்ந்தது எமது சமூகம். வகுப்பறையில் வினாவெழுப்பும் பிள்ளையை அடக்காத ஆசிரியரே, நாளை வைத்தியசாலையில் வினாவெழுப்பும் குடிமகனை உருவாக்குகிறார். ‘இதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? பொறுத்திருந்து பார்க்கலாமா? இதனைச் செய்வதால் நான் இழக்கக்கூடியது என்ன?’ என்னும் மூன்று வினாக்களை மரியாதையோடும் அச்சமின்றியும் கேட்கத் தெரிந்த மக்களிடம் எந்தக் கருவியும் வெறும் வியாபாரப் பண்டமாகிவிட முடியாது. சிகிச்சைக்கு முன்பே அவ்வினாக்கள் கேட்கப்படவேண்டும்; அவற்றுக்கு விடை கூறுவதற்கு வைத்தியருக்கு நேரமும், விடை கூறுவதால் வருவாய் குன்றாத நிலையும் இருக்கவேண்டும். முன்னதைப் பாடசாலையில் நாம் பயிற்றலாம். பின்னதை அரசிடம் நாம் கோரியே பெறல் வேண்டும்.